காசிமேட்டு வலைக்கடைகள்: மலையாற்று மீன் கணக்கெடுப்புக்கு எது தேறும், எது தேறாது

காசிமேடு துறைமுகத்தை ஒட்டிய வலைக்கடைகளில் முதல் கேள்வியே "கடலுக்கா சார், ஆத்துக்கா?" என்பதுதான். ஆறு என்று மட்டும் சொன்னால் எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் வீசுகிற வலையை எடுத்துப் போடுவார்கள். மலையாறு, பாறை, முழங்கால் தண்ணீர், இழுப்பு அதிகம் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவருக்கு, மலையாற்று மீன்வகைக் கணக்கெடுப்புக்குச் சாமான் வாங்கச் சென்னையில் இதைவிட நல்ல இடம் இல்லை. சொல்லத் தெரியாமல், கொக்கியில் தொங்குவதை அப்படியே வாங்கிப் போனால் பாதிக் காசு தண்டம். ரெடிமேட் சரக்குக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுக்கலாம். சொல்லிக் கட்டி வாங்குகிற வேலைக்குத் தாராளமாக நாலரை.

காரணம் எளிது. கடல் வலை, ஒரே ஜாதி மீனை மொத்தமாக அள்ளுவதற்குக் கட்டப்படுவது. மோயாற்றிலோ பவானியிலோ தாமிரபரணியின் மேல்பகுதியிலோ கணக்கெடுக்கப் போகிறவருக்கு எல்லா ஜாதியிலும் கொஞ்சம் வேண்டும். பிடித்ததில் பெரும்பாலானதை உயிரோடு திருப்பி விடவும் வேண்டும். பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் கல்லொட்டி, கூழாங்கல்லுக்கு அடியில் ஒளியும் கல் அயிரை, ஓட்டத்தில் கூட்டமாகத் திரியும் பொடிக் கெண்டைகள், மடுவில் நிற்கும் பொம்மீன், இரவில் மட்டும் வெளியே வரும் கெளுத்தியும் ஆரலும். இவை அத்தனையும் ஒரே வலையில் விழாது. 100 மீட்டர் நீளமுள்ள ஒரு ஆற்றுத் துண்டுக்கே குறைந்தது நான்கு விதமான கருவி தேவைப்படும்.

முதலில் வீச்சு வலை. கடையில் தயாராக இருப்பவை பெரும்பாலும் 10, 12 அடி உயரம். பாறைகளுக்கு நடுவே நான்கைந்து மீட்டர் அகலத்தில் ஓடுகிற ஆற்றில் 12 அடி வலை முழுதாக விரியவே விரியாது. பாதி பாறைமேல் விழும், மீதி சுருண்டு விழும். ஆறரை அடி, அதாவது இரண்டு மீட்டர் உயரம் போதும். விரிந்தால் நான்கு மீட்டர் குறுக்களவு கிடைக்கும். சுமார் பன்னிரண்டரை சதுர மீட்டர் பரப்பை மூடும். இந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால்தான் 'இத்தனை வீச்சுக்கு இத்தனை மீன்' என்ற கணக்குக்குப் பொருள் வரும்.

வலையின் அடியோரத்தில் கட்டும் ஈயம் எவ்வளவு என்பதில் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் எப்போதும் ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். வலை உயரத்தில் அடிக்கு ஒரு பவுண்டு என்பது பொதுக் கணக்கு. அதன்படி ஆறரை அடி வலைக்கு ஏறக்குறைய மூன்று கிலோ. குறைத்தால் வலை தரை தொடுவதற்குள் இழுப்பு அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அடியில் உண்டாகும் இடைவெளி வழியாக மீன் நழுவும். கூட்டினால் ஒவ்வொரு கல்லிடுக்கிலும் குண்டு மாட்டும். மாட்டிய வலையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒருவர் தண்ணீரில் இறங்கிக் கையால் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஈயமும் கண்ணியும் ஆற்றிலேயே தங்கிவிடும். குண்டுக்குப் பதிலாகப் பொடி இரும்புச் சங்கிலியை அடிக்கயிற்றில் கட்டச் சொல்வது நல்ல ஏற்பாடு. கூழாங்கல் மேல் சங்கிலி வழுக்கிக்கொண்டு வரும், இடுக்கில் சிக்குவது குறைவு. துருப் பிடிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும், அவ்வளவுதான்.

ஈயமே வேண்டுமென்றால் அது கட்டப்பட்ட விதத்தை விரலால் தடவிப் பாருங்கள். தகட்டை மடித்துக் கயிற்றின் மேல் நசுக்கியிருந்தால் விளிம்பு கூராக நிற்கும். வலையைச் சுருட்டும்போது அந்த விளிம்பில் கண்ணி மாட்டி, அடுத்த வீச்சில் கிழியும். உருண்டையாக வார்த்த குண்டில் இந்தத் தொல்லை இல்லை. அடியோரத்தில் மீன் தங்கும் பை, அதாவது மடி, கட்டியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மடி இல்லாத வலையைத் தூக்கும்போது மீன் கீழே கொட்டிவிடும்.

கண்ணி அளவில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் ஏமாற்றுவதும் இல்லை. அவர் '20 எம்எம்' என்று சொல்வது கண்ணியை இழுத்துப் பிடித்து, எதிரெதிர் முடிச்சுகளுக்கு நடுவே எடுத்த அளவு. ஆய்வுக் கட்டுரைகளில் சிலர் பக்க அளவைக் கொடுப்பார்கள்; அது இதில் பாதி, 10 மில்லிமீட்டர். கட்டுரையில் இருக்கும் 10-ஐ அப்படியே கடையில் சொன்னால் பக்கம் 5 மில்லிமீட்டர் உள்ள வலை கைக்கு வரும். வாங்கும் முன் பத்துக் கண்ணிகளை வரிசையாக இழுத்துப் பிடித்து ஸ்கேலில் அளந்து பத்தால் வகுத்துவிடுங்கள். 20 செ.மீ. வந்தால் அது 20 எம்எம் வலை. ஒரே ஒரு கண்ணியை அளந்தால் இரண்டு மில்லிமீட்டர் பிழை சாதாரணமாக வரும்.

மலையாற்றுக்கு இரண்டு வீச்சு வலை வேண்டும்: இழுத்த அளவில் 12 எம்எம் ஒன்று, 24 எம்எம் ஒன்று. 24 சீக்கிரம் அமிழும். மடுவில் இருக்கும் பெரிய கெண்டைகளுக்கு அதுதான். ஆனால் விரல் நீளத்துக்கும் குறைவான பொடி மீன்கள் அதில் சர்வசாதாரணமாக நுழைந்து போய்விடும். 12-க்கு இங்கே தனியாகத் தேட வேண்டியதில்லை, 'இறால் கண்ணி' என்று கேட்டால் போதும். எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலுக்கு வீசுகிற அந்த வலைதான் இந்தக் கடைகளில் மலையாற்றுத் தேவைக்கு மிக அருகில் வருகிற சரக்கு. உயரத்தை மட்டும் குறைத்துக் கட்டித் தரச் சொல்ல வேண்டும். நூல் எது என்பதும் முக்கியம். தங்கூசி என்கிற ஒற்றை இழை நைலான் தண்ணீரில் தெரியாது, வேகமாக அமிழும். ஆனால் விறைப்பாக இருப்பதால் மீனின் செவுளை அறுக்கும். திருப்பி விடப்போகிற மீனுக்கு முறுக்கு நைலான்தான் நல்லது. மெல்லிய 210/1/2 நூல் போதும்.

வலை எடைக்குத்தான் விற்கிறார்கள். சின்னக் கண்ணியில் முடிச்சு அதிகம் என்பதால் கிலோ விலையும் கூடுதல். வீச்சு வலைக்குக் கட்டுகூலி தனி. முடிந்தால் ஒரே வலைக்கட்டிலிருந்து ஒரே அளவில் இரண்டு வலை கட்டி வாங்கிவிடுங்கள். முதல் வருஷம் 12 எம்எம்மில் வீசிவிட்டு, அது கிழிந்ததும் அடுத்த வருஷம் 16-இல் வீசினால், ஆற்றில் பொடிமீன் குறைந்ததா, வலையிலிருந்து தப்பியதா என்று சொல்லவே முடியாது. வாங்கும்போதே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வலையை வெட்டி வாங்கி, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பின் அடித்து வைப்பது நல்ல பழக்கம். அடுத்த முறை கடைக்கு அந்தத் துண்டை எடுத்துப் போனால் பேச்சே தேவையில்லை.

பழைய வலை மலிவாகக் கிடைக்கும், தொடாதீர்கள். காயாத பாசி, ஒட்டிய நத்தை, முட்டை என்று எதுவும் கண்ணியில் இருக்கலாம். அயல்நாட்டு மீன்களான ஜிலேபியும் தொட்டிகளிலிருந்து தப்பிய சக்கர் மீனும் பரவிக் கிடக்கும் சமவெளி நீரிலிருந்து மலைக்கு ஒரு வலையைக் கொண்டுபோவது அநாவசிய ஆபத்து. சொந்த வலையாக இருந்தாலும் ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போகும் முன் இரண்டு நாள் நல்ல வெயிலில் மொறுமொறுவெனக் காயவைக்க வேண்டும். மற்ற நாட்களில் நைலானை வெயிலில் போட்டு வைக்கக் கூடாது, நூல் உளுத்துவிடும்.

சலசலப்பில், அதாவது ஆழமில்லாமல் கற்கள்மேல் வேகமாகத் தண்ணீர் ஓடும் இடத்தில், வீச்சு வலை பயனே தராது. கல்லுக்கும் வலைக்கும் நடுவே எப்போதும் சந்து இருக்கும். கல் அயிரையும் கல்லொட்டியும் அதில்தான் வாழ்கின்றன. அங்கே தேவை உதை வலை. இந்தக் கடைகளில் அந்தப் பெயரில் எதுவும் கிடைக்காது, சாமான்களை வாங்கி நாமேதான் செய்ய வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு வலைத்துணி. இரண்டு பக்கமும் மூங்கில் கழி. அடியில் நெருக்கமாகச் சங்கிலி. நடுவில் துணி தொளதொளவென்று பை மாதிரித் தொங்க வேண்டும், விறைப்பாகக் கட்டினால் மீன் மோதித் திரும்பிவிடும். பலரும் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் கொசுவலைத் துணி வாங்கித் தைக்கிறார்கள். மெதுவான ஓட்டத்துக்கு அது சரி. இழுப்பு அதிகமான இடத்தில் அந்தப் பொடித் துளைகள் வழியாகத் தண்ணீர் போதுமான வேகத்தில் போகாது; வலைக்கு முன்னால் தண்ணீர் முட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பும், மீனும் அதோடு திரும்பிவிடும். மூன்று மில்லிமீட்டர் துளையுள்ள முடிச்சில்லா வலைதான் சரி. காசிமேட்டில் 'நாட்லெஸ்' என்று கேளுங்கள். முடிச்சு இல்லாததால் செதிளும் உரியாது.

பயன்படுத்தும் முறை: ஒருவரோ இருவரோ வலையை ஓட்டத்துக்குக் குறுக்கே, அடிச் சங்கிலி தரையில் படியும்படி சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் ஒரு மீட்டர் மேலே நின்று கற்களைக் காலால் புரட்டிக்கொண்டே வலையை நோக்கி வர வேண்டும். வந்து சேர்ந்ததும் அடிப்பக்கத்தை முன்னால் தள்ளித் தூக்க வேண்டும். மேல்பக்கத்தை முதலில் தூக்கினால் எல்லாம் அடி வழியாகப் போய்விடும். புரட்டிய கல்லைப் பழையபடி வைத்துவிடுங்கள்; அதனடியில் முட்டை இருக்கும்.

அடைப்பு வலையும் இதே முடிச்சில்லாச் சரக்கில்தான், கண்ணி 6 எம்எம். கணக்கெடுக்கும் துண்டிலிருந்து மீன் வெளியேறாதபடி மேலும் கீழும் குறுக்கே கட்டுவதற்கு இரண்டு. எட்டு மீட்டர் அகலமுள்ள ஆற்றுக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளமாவது வாங்க வேண்டும். தரை மேடு பள்ளமாக இருப்பதால் அடிக்கயிறு வளைந்து படிய நீளம் வேண்டும். சரியாக எட்டு மீட்டர் வாங்கினால் நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். இதில் வலை பழுதாவதை விடச் சருகுதான் பெரிய தொல்லை. கால் மணி நேரத்தில் இலை அடைத்து, தண்ணீர் அழுத்தி, கட்டிய கழியோடு வலை சாய்ந்துவிடும். ஒருவருக்குச் சருகு வாருவதே வேலையாக இருக்க வேண்டும்.

செவுள் வலையைப் பொறுத்தவரை காசிமேட்டுச் சரக்கை மிஞ்ச ஆளில்லை. எல்லாக் கண்ணியிலும் கிடைக்கும், மிதப்பும் கயிறும் பக்கத்திலேயே. 20, 30, 40, 60 எம்எம் கண்ணிகளில் ஐந்தைந்து மீட்டர் துண்டு வாங்கி ஒரே வலையாகக் கோர்க்கச் சொல்லலாம். கடலுக்கான ஆழத்தில் வெட்டிவிடப் போகிறார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். கோர்க்கும்போது இழுத்த நீளத்தில் பாதிக்குச் சுருக்க வேண்டும். பத்து மீட்டர் வலை, ஐந்து மீட்டர் கயிற்றில். அதற்கு மேல் விறைப்பாகக் கட்டினால் கண்ணி நீளவாட்டில் இழுபட்டு மீன் மாட்டாது.

ஆனால் இதை வாங்குவதற்கு முன் தேவையா என்று யோசிக்க வேண்டும். செவுள் வலையில் மாட்டியது பெரும்பாலும் பிழைக்காது. பொம்மீன் நிற்கும் மடுவில் இதை இறக்குவது அநியாயம். காவிரிப் படுகைக்கே உரிய திமில் பொம்மீன், மோயாற்றில் இன்னும் மிஞ்சியிருப்பது. டோர் ரெமதேவி என்ற அறிவியல் பெயர் அதற்குத்தான் உரியது என்று 2018-இல் உறுதியானது, அதே ஆண்டில் அது மிக அருகிய இனப் பட்டியலிலும் ஏறியது. அந்த மாதிரி மடுக்களில் முகமூடி போட்டு மிதந்து கண்ணால் எண்ணுவதே போதும். மலைத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். மற்ற இடங்களில் போட்டாலும் அந்தி நேரத்தில் இரண்டு மணி நேரம், அதுவும் பக்கத்திலேயே ஆள் இருந்து. இரவு முழுக்க விட்டால் நீர்நாய் மீனையும் தின்று வலையையும் கிழித்துவிட்டுப் போகும். மோயாற்றிலும் அமராவதியிலும் முதலை இருப்பதை மறந்துவிட வேண்டாம்.

மடக்குக் கூடு, எதிர்பாராமல் நல்ல சரக்கு. நண்டுக்கும் இறாலுக்கும் விற்கிற கூட்டில் 5 எம்எம் கண்ணி உள்ளதைத் தேர்ந்தெடுத்து, தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து உள்ளே கட்டி, அந்தியில் கரையோர வேருக்கடியில் வைத்தால் கெளுத்தி, ஆரல், குறவை வரும். வேறு எந்த வலையிலும் இவை இவ்வளவு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. ஒன்று மட்டும் கவனம்: கூட்டின் ஒரு முனை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறவை மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன்; ஆரலுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கூட்டை முழுக்க மூழ்கடித்தால் காலையில் செத்துக் கிடக்கும்.

பேட்டரியில் கரண்ட் அடிக்கிற சாமான் வேண்டுமா என்று யாராவது காதோடு கேட்டால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். கட்டுப்பாடில்லாத மின்சாரம் மீனின் முதுகெலும்பை முறிக்கும். உப்பு குறைந்த மலைத் தண்ணீரில் அது சரியாகப் பாய்வதும் இல்லை. வெடியும் நஞ்சும் 1897-ஆம் வருஷ மீன்வளச் சட்டத்திலேயே தடைசெய்யப்பட்டவை.

காசிமேட்டில் கிடைக்காத ஒன்றுக்குக் கொளத்தூர் போக வேண்டும்: படமெடுக்கும் தொட்டி. வண்ணமீன் கடைகளுக்குத் தொட்டி ஒட்டுகிறவர்களிடம் 30 செ.மீ. நீளம், 20 உயரம், 8 அகலம் என்று சொன்னால் ஒட்டித் தருவார்கள். கூடவே தனியாக ஒரு கண்ணாடித் துண்டு, உள்ளே இறங்கும் அளவில். மீனை விட்டு, அந்தத் துண்டால் முன்பக்கம் மெல்ல ஒதுக்கினால் துடுப்பு விரிந்து அசையாமல் நிற்கும். இடது பக்கம் தெரியப் படம் எடுக்க வேண்டும். கண்ணாடி விளிம்பை மழுங்கத் தேய்க்கச் சொல்ல மறக்காதீர்கள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரையும் அங்கேயே வாங்கிவிடலாம். துள்ளுகிற மீனை மயக்கக் கிராம்புத் தைலம் உதவும். தைலம் தண்ணீரில் கலக்காது. ஒரு பங்கு தைலத்தை ஒன்பது பங்கு ஆல்கஹாலில் கரைத்துக்கொண்டு, பத்து லிட்டர் வாளிக்கு அதில் 5 மில்லி. மீன் சாய்ந்ததும் வேலையை முடித்து ஆற்றுத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

மாதிரிக்கு ஒரு ஜாதியில் இரண்டு மூன்று போதும். அவற்றைக் கெடாமல் காக்க, பாரிமுனை ரசாயனக் கடைகளில் விற்கிற ஃபார்மலின் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. லிட்டருக்கு 3 கிராம் வெங்காரம் (போராக்ஸ்) சேர்க்காவிட்டால் புளிப்பேறி மீனின் எலும்பைக் கரைக்கும். வெங்காரம் நாட்டுமருந்துக் கடையிலேயே உண்டு. பெரிய மீனுக்கு, மருந்து உள்ளே இறங்க வலது வயிற்றில் கீறல், இடது பக்கம் படத்துக்கும் அளவுக்கும் கெடாமல் இருக்க வேண்டும். மலைக் குளிரில் ஃபார்மலின் புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் வீரியம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மரபணுவுக்கான துடுப்புத் துண்டு ஃபார்மலினில் படவே கூடாது. அதற்குச் சுத்த ஆல்கஹால் வேண்டும், அதைக் கல்லூரி வழியாகக் கலால் அனுமதியோடுதான் வாங்க முடியும். சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள், பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஃபார்மலின் புட்டியோடு ரயிலேறவும் கூடாது, காசிமேட்டில் நடமாடவும் கூடாது. 2018-இல் விற்கிற மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று கிளம்பிய களேபரத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டாலே அங்கே முகம் மாறும்.

எப்போது போவது? விடியற்காலை மீன் ஏலம் நடக்கும் நேரத்தில், அதுவும் ஞாயிறன்று, அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். வார நாளில் பத்து மணிக்கு மேல் கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் இருக்க, வலை பழுது பார்ப்பவர்கள் கையில் ஊர் வலை முழுக்க இருக்கும். உங்கள் ஆறரை அடி வலைக்கு முறை வராது. தண்ணீர் வற்றும் கோடையில்தான் மலையாற்றில் வேலை செய்ய முடியும் என்பதால் பிப்ரவரியிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். வனப்பகுதியில் வலையிறக்க வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அதற்கு ஆகிற காலத்தைப் பார்த்தால் வலையை விட மனுவை முன்னால் போடுவதே சரி.

குறை என்று ஒன்று சொன்னால் பில். சின்னக் கடைகளில் துண்டுச்சீட்டில் கையால் எழுதித் தருவார்கள், அதில் 'வலை 4 கிலோ' என்றுதான் இருக்கும். திட்டப் பணத்தில் வாங்குகிறவர்களுக்கு அது செல்லாது. ஜிஎஸ்டி எண்ணோடு, கண்ணி அளவும் நூலும் எழுதிய பில் தர முடியுமா என்பதை வலையை வெட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். வெட்டிய வலையைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.